எந்த மேடு உசத்தி

வேல்ஸில் பாலா என்கிற எங்கள் ஊரில் ஏரிக்குப் போகிற தெருவில் ரொம்ப வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த எல்ஃபெட்டைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும், அப்புறம்தான் பதில் வரும். அதில் அவருக்கு வருத்தமே கிடையாது. தன்னைப் பார்த்துச் சிரிப்பதில் ஊரை முந்திக்கொள்கிற ஆசாமி அவர். வெளியூரிலிருந்து யாராவது போன் பண்ணி வீட்டுக்கு வழி கேட்டால், "பஸ் ஸ்டாப்புல இறங்கி, மழையில நனைஞ்சுக்கிட்டு எந்த மேடு உசத்தின்னு பார்த்துக்கிட்டு நிப்பானே, அந்தப் பைத்தியம் வீடு எதுன்னு கேளுங்க, கரெக்டா கொண்டாந்து விட்டுடுவாங்க" என்பார்.

எங்கள் வேல்ஸ் பக்கத்தில் பேருக்குப் பஞ்சம். ஜோன்ஸ் என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும், மீதித் தெரு எவன்ஸ். அதனால் தொழிலைச் சேர்த்துச் சொல்லித்தான் ஆளைப் பிரிப்போம். இவர் கண்ணாடி எல்ஃபெட். இவருடைய சிநேகிதர் தபால் ஹேண்டல். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் பேரிலிருந்து ஓய்வு கிடையாது.

கண்ணாடிக் கடையில் எல்ஃபெட் வாழ்நாள் பூராவும் கேட்டது ஒரே கேள்வி. வந்தவர் கண்ணுக்கு முன்னால் ஒரு கண்ணாடிச் சில்லைப் போடுவார், இன்னொன்றை மாற்றுவார். "இது தெளிவா, அது தெளிவா?" வந்தவர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொன்னால் அவருக்கு மனசு ஆறாது. ரெண்டு எப்படி ஒண்ணாக இருக்க முடியும்? மறுபடி போடுவார், மறுபடி மாற்றுவார். வீட்டிலும் இதே கூத்துதான். காலையில் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "நேத்தைய டீ இதைவிடக் கொஞ்சம் திடமோ?" என்று ஆரம்பிப்பார். அவர் மனைவி டெக்வென், "நேத்தைய டீயைத் திரும்பக் கொண்டாரவா? ரெண்டையும் பக்கத்துல வச்சு ஆராய்ச்சி பண்ணு" என்பாள்.

மலையில் இந்த வியாதி தொற்றியது அவருக்கு நாற்பது வயது நடக்கும்போது. சும்மா காற்று வாங்கப் போனவர் ஒரு குன்றின் மேல் சர்வேக்காரர்கள் நட்டுவைத்த கல்தூணில் சாய்ந்துகொண்டு ரொட்டி தின்றார். தின்றவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இறங்கியிருக்கலாம். எதிரே கொஞ்சம் தள்ளி ஒரு புல்மேடு தெரிந்தது. தூண் இருக்கிற இடம்தான் உச்சி என்று வரைபடம் சொல்லுகிறது, ஆனால் அந்த மேடு ஒரு பிடி உசத்தியாக இருக்கும்போல இருக்கிறதே? அந்த மேட்டுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் தூண்தான் உசத்தி. அன்றைக்குப் பிடித்த சனி இன்றுவரை விடவில்லை.

அடுத்த மாதமே ஒரு பழைய மட்டக் கருவியை விலைக்கு வாங்கிவிட்டார். வேலை என்னமோ சுலபம்தான். முக்காலியில் கருவியை ரெண்டு மேட்டுக்கும் நடுவில் நிறுத்தவேண்டியது. ஒவ்வொரு மேட்டிலும் ஒரு ஆள் அளவுக்கோலை நிமிர்த்திப் பிடிக்கவேண்டியது. கருவி வழியாகப் பார்த்தால் கோலில் ஒரு எண் தெரியும். எந்த மேட்டில் எண் குறைவோ அந்த மேடு உசத்தி. அவ்வளவுதான். இந்த அவ்வளவுதானுக்கு எங்கள் ஊர் மழையும் காற்றும் சேர்ந்தால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

அதற்குத் தர்ம நியாயங்களும் உண்டு. கடவுள் வைத்த மண்தான் கணக்கு, மனுஷன் குவித்த கல் கணக்கில் சேராது. போகிற வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு கல்லைப் போட்டு உச்சியில் குவியல் கட்டியிருப்பார்கள், அதன் அடியில் கையை விட்டு நிஜத் தரையைத் தேடவேண்டும். எல்ஃபெட் இப்படிக் குப்புறப் படுத்துக் கல்குவியலுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்ததைப் பார்த்து, யாரோ மாரடைப்பு என்று நினைத்து மலைமீட்புக்காரர்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். அவர் எழுந்து உட்கார்ந்து, "நல்ல வேளை வந்தீங்க, இந்தக் கோலைக் கொஞ்சம் பிடிங்க" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் எந்த மலையையும் ஒரு அங்குலம்கூட உயர்த்தவில்லை. சில மலைகளின் உச்சியை அங்கேயிருந்து இங்கே தள்ளிவைத்தார், அதுதான் சாதனை. வரைபடக்காரர்கள் மரியாதையாக நன்றி சொல்லித் திருத்திக்கொண்டார்கள். மலை ஏறுகிற கூட்டம்தான் அவரைத் திட்டித் தீர்த்தது. எங்கள் பக்கம் ஒரு பித்து உண்டு: நாட்டிலுள்ள மலைகளுக்கெல்லாம் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் உச்சியிலும் சொந்தக் காலால் நின்றுவிட்டு அதன் பேரைக் கோடு போட்டு அடிப்பது. உச்சியைத் தள்ளிவைத்தால் அடித்ததெல்லாம் அழிந்துபோகும், மறுபடி ஏறவேண்டும். "அந்தக் கண்ணாடிக்காரன் மட்டும் கையில கெடச்சான்னா..." என்று பல்லைக் கடிக்கிறவர்கள் தெற்கே கார்டிஃப் வரைக்கும் இருந்தார்கள்.

அந்தப் பித்துப் பிடித்தவர்களில் தலையாயவர் தபால் ஹேண்டல். ஆறடிக்கு மேல் உயரம், சேப்பல் என்கிற எங்கள் சின்ன தேவாலயத்தின் பாட்டுக் கோஷ்டியில் அடித்தொண்டைக் குரல் அவருடையது, பெஞ்சே அதிரும். எல்ஃபெட்டுக்குக் கோல் பிடித்தது எல்லா நாளும் அவர்தான். எந்தக் காற்றிலும் ஆடாமல் பிடிப்பார், ஏன் எதற்கு என்று கேட்கமாட்டார். இவருக்கு அளவு கிடைக்கும், அவருக்குப் பட்டியலில் ஒரு மலை குறையும். ரெண்டு பேரும் மலையேறி இறங்கிய இந்தக் காலம் முழுக்க என்ன பேசினீர்கள் என்று டெக்வென் ஒருநாள் கேட்டாள். எல்ஃபெட் யோசித்துப் பார்த்துவிட்டு, "சென்டிமீட்டர்" என்றார்.

போன வருஷம் ஹேண்டலுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. கைத்தடி வந்தது, அப்புறம் ரெண்டு கைத்தடி வந்தது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்ட வீட்டில் தனியாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பட்டியலில் ஒரே ஒரு மலை பாக்கி. மொய்ல் ஹென்ட்ரே. அவர் வீட்டு அடுப்படி ஜன்னலிலிருந்து தெரிகிற மலை. வீட்டுப் பக்கத்து மலையைக் கடைசிக்கு என்று வைத்திருந்தார், எங்கள் ஆட்களுக்கு அது ஒரு வழக்கம். முப்பது வருஷம் அதன் அடிவாரப் பண்ணைக்குத் தபால் கொண்டுபோனவர், அந்த வேலிக் கதவுக்கு மேலே ஒரு அடி வைத்ததில்லை.

புது மூட்டு வைக்க ஆஸ்பத்திரியில் ரெண்டு தடவை தேதி கொடுத்தார்கள், ரெண்டையும் தள்ளிப்போட்டார். மூன்றாம் தடவை கூப்பிட்டு, வருகிற செவ்வாய்க்கிழமைக்குள் சரி என்று சொல்லாவிட்டால் பேரை எடுத்துவிடுவோம் என்றார்கள். ஹேண்டல் அதே செவ்வாய்க்கிழமை மொய்ல் ஹென்ட்ரேயில் எல்லாருக்கும் விருந்து என்று அறிவித்தார்.

"கடைசி மலையை அடிச்சுட்டேன்னா அப்புறம் இந்த இடுப்பு எனக்கு எதுக்குடா? நாற்காலியில உட்கார பழைய இடுப்பே போதும்" என்றார்.

இந்த நாற்காலிச் சமாசாரம் எல்ஃபெட்டுக்குக் கடையிலிருந்தே தெரியும். ஒருத்தர் நடப்பதை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால், முதல் வருஷம் டிவி பார்க்கக் கொஞ்சம் கூடுதல் பவர் கேட்டு வருவார். அடுத்த வருஷம் மகள் வந்து கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவாள். ஹேண்டலிடம் வாயைத் திறந்து, "எனக்காக ஆபரேஷன் பண்ணிக்கோ, நீ இல்லாம என்னால முடியாதுய்யா" என்று சொல்லவேண்டும். சொன்னாரா? அவர் சொன்னது இது:

"புது மூட்டு வச்சா ஒரு கால் அரை சென்டிமீட்டர் கூடிப் போகும்னு சொல்றாங்க. அதுகூட உனக்கு அனுகூலம்தான்."

"போடா பேமானி" என்றார் ஹேண்டல்.

இவ்வளவு அழகாகப் பேசுகிற மனுஷன் வேறு எப்படித்தான் அன்பைக் காட்டுவார்? அளந்துதான் காட்டுவார். ஹேண்டலின் கடைசி மலையில் எந்த மேடு நிஜ உச்சி என்று விருந்துக்கு முன்னாலேயே பார்த்து வைத்துவிடவேண்டும் என்று கிளம்பிவிட்டார். மொய்ல் ஹென்ட்ரேக்கு ரெண்டு முடி. கிழக்கே வெறும் பாறை, அதன்மேல் கல்குவியல், எல்லாரும் நின்று படம் எடுக்கிற இடம். மேற்கே பாசியும் புதர்ச்செடியும் மூடின ஒரு மேடு, யாரும் சீந்துவதில்லை. நடுவில் கால் வைத்தால் முழங்கால்வரை விழுங்குகிற சேறு.

"வேண்டாம் மனுஷா. ஊரே கிழக்கு முடின்னு சொல்லுது. அந்த ஆளு நொண்டிக்கிட்டு அங்க போய் நிக்கட்டும், கேக்கைத் தின்னுட்டு இறங்கலாம். நீ போய்க் குட்டையைக் குழப்பாதே" என்றாள் டெக்வென்.

"தப்பான மேட்டுல நின்னுட்டு முடிச்சேன்னு சொல்லுவாரே, பாவம் இல்லையா?"

"தெரியாம நின்னா பாவம் இல்ல. நீ சொன்னாத்தான் பாவம்."

நியாயமான பேச்சு. ஆனால் கோல் பிடிக்க ஹேண்டலால் முடியாதென்பதால் அந்த நியாயவாதியையே அவர் கையோடு இழுத்துக்கொண்டு போகவேண்டியிருந்தது. அன்றைக்கும் மழை. டெக்வென் முதலில் கிழக்குப் பாறையில் கோலைப் பிடித்தாள், பிறகு சேற்றைச் சுற்றிக்கொண்டு மேற்கு மேட்டுக்குப் போனாள். நடுவிலிருந்து எல்ஃபெட், "நேராப் பிடி! புதைய விடாதே! கோல் பாசியில புதைஞ்சா எல்லாம் போச்சு!" என்று கத்தினார். அவள் குனிந்து ஏதோ செய்தாள், நிமிர்ந்து கையை ஆட்டினாள். புதரில் கோலின் அடி தெரியவில்லை, எண் தெரிந்தது. எல்ஃபெட் மூன்று தடவை பார்த்தார். மேற்கு மேடு ஏழு சென்டிமீட்டர் உசத்தி.

வாயை மூடிக்கொண்டிருந்தாரா? இறங்கி வந்த ஈரத்தோடு நேராக ஹேண்டல் வீட்டுக்குத்தான் போனார். அடுப்படியில் நின்று தரையெல்லாம் சொட்டச் சொட்ட விஷயத்தைச் சொன்னார். ஹேண்டல் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார்.

"ஏழா?"

"ஏழு."

"நல்ல வேளைடா சொன்னே. இல்லாட்டி ஏமாந்திருப்பேனே" என்றார் ஹேண்டல். அப்புறம் கைத்தடியால் தன் இடுப்பைத் தட்டிக் காட்டினார். "ஆனா ஒண்ணு. ரெண்டு மேட்டுக்கும் போக இதுல தெம்பு இல்ல. ஒண்ணுதான். அப்ப மேக்கால வேலியோரமா ஏறிடுறேன்."

செவ்வாய்க்கிழமை அதிசயமாக வெயில் அடித்தது. விருந்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ரிட்டயர் ஆனவர்கள், அவர்களுக்கு எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமைதான். சேப்பல் கோஷ்டியில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். அடிவாரப் பண்ணைக்காரர் மெய்ரிக் தன் நாலு சக்கரப் பண்ணை வண்டியில் ஹேண்டலை ஏற்றி வேலிக் கதவு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

"உச்சி வரைக்கும் விட்டுடுறேன் அண்ணே, ஏறி உட்காருங்க" என்றார் மெய்ரிக்.

"வண்டியில போனா உன் ஆடு ஏறினதும் நான் ஏறினதும் ஒண்ணாயிடும். தள்ளு" என்றார் ஹேண்டல்.

அந்த ஏற்றத்தைச் சொல்லி முடியாது. ரெண்டு கைத்தடி, பத்தடி நடை, நின்று மூச்சு, மறுபடி பத்தடி. முகம் பூசணிக்காய் மாதிரி சிவந்துவிட்டது. யாராவது கை கொடுக்கப் போனால் கைத்தடியால் விரட்டினார். எல்ஃபெட் பின்னாலேயே வந்தார். ஹேண்டல் விழுந்தால் பிடிக்கலாம் என்று நினைப்பு. விழுந்திருந்தால் அந்த ஆறடி உடம்பு இவரைச் சப்பாத்தி ஆக்கியிருக்கும், அது வேறு விஷயம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எல்ஃபெட் மணியைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் ஐந்து மணி வரைக்கும்தான் போனை எடுப்பார்கள். இந்த மனுஷன் மேலே போய் நின்றுவிட்டால் கதை முடிந்தது. மேலே போகாமலும் இருக்கக்கூடாது. எந்தப் பக்கம் வேண்டிக்கொள்வது என்றே அவருக்குத் தெரியவில்லை.

மேற்கு மேட்டில் ஹேண்டல் ரெண்டு காலையும் ஊன்றி நின்றார். கைத்தடிகளைக் கீழே போட்டார். கோஷ்டி ஒரு துதிப்பாட்டை எடுத்தது, ஹேண்டல் அடித்தொண்டையில் சேர்ந்துகொண்டார், ரெண்டு வரிக்கு மேல் அவரால் பாட முடியவில்லை, அழுதுவிட்டார். பாட்டு முடிந்ததும் டெக்வென் பையைத் திறந்து ஒரு பெரிய தகர டப்பாவை எடுத்தாள். டீயில் ஊறவைத்த உலர் திராட்சை போட்டுச் சுட்ட ரொட்டி, நாங்கள் பரா பிரித் என்போம், அது இல்லாமல் எங்கள் பெண்கள் மலை ஏறமாட்டார்கள். டப்பாவை மேட்டின் மேலேயே வைத்தாள்.

"ஆடாம நிக்குது பாருங்க. அன்னிக்கு இதே இடத்துல இந்த டப்பா இல்லாட்டி என் கதி அதோகதிதான். கோல் புதையக்கூடாதுன்னு இவரு அங்கேருந்து காட்டுக்கத்தல் கத்துறாரு. பாசியோ தண்ணி மாதிரி இருக்கு. பார்த்தேன், டப்பாவை வச்சு அதுமேல கோலை நிறுத்திட்டேன். ஒரு நூல் புதையல" என்றாள், பெருமையாக.

எல்லாரும் ரொட்டிக்குக் கை நீட்டினார்கள். எல்ஃபெட்டின் கை நீண்டது, நடுவழியில் நின்றது. டப்பாவைப் பார்த்தார். அதன் உயரம் அவர் கண்ணுக்குத் தானாகவே விழுந்தது. ஒன்பது சென்டிமீட்டர். கோல் டப்பா மேல் நின்றிருந்தால், மேடு இருந்ததைவிட ஒன்பது உசத்தியாகக் காட்டியிருக்கும். ஏழில் ஒன்பது போனால் என்ன மிஞ்சும் என்று கடையில் சில்லறை எண்ணுகிறவனுக்குக்கூடத் தெரியும். கிழக்கு முடிதான் உசத்தி. ஊர் சொன்னதுதான் சரி. டெக்வென் சொன்னதுதான் சரி. ஊர் உலகத்துக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிட்ட மகானுபாவர் கோலின் அடியில் ஒரு ரொட்டி டப்பா இருந்ததைப் பார்க்கவில்லை. அந்த ஒரே ஒரு மேட்டுக்கு இருந்த தெம்பையும் ஹேண்டல் தப்பான மேட்டில் கொட்டித் தீர்த்துவிட்டு நிற்கிறார், சந்தோஷத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டு.

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக எல்ஃபெட் வாயை மூடிக்கொண்டார். பரா பிரித் ஒரு துண்டை வாயில் திணித்து அடைத்துக்கொண்டார் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். சொல்லக்கூடாது. எழுதி எங்கேயும் அனுப்பக்கூடாது. ஏழு என்றால் ஏழுதான், செத்தாலும் ஏழுதான். இப்படி மனசுக்குள் சத்தியம் பண்ணிக்கொண்டிருக்கும்போதே ஹேண்டல் அவரையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"என்னடா, மூஞ்சி பேதி மாத்திரை முழுங்கினவன் மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. ரொட்டி நல்லா இருக்கு."

"ரொட்டி நல்லா இருந்தா அழுவாங்களா?" ஹேண்டல் குனியமுடியாமல் குனிந்து டப்பாவை எடுத்தார். கையில் வைத்துத் திருப்பினார். இத்தனை வருஷம் கோல் பிடித்த கை அது, கோலுக்கு அடியில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக்கூடாது என்று அதற்குத் தெரியும். "டெக்வென், இதுமேலயா நிறுத்தினே?"

"ஆமா. ஏன், தப்பா?"

கோஷ்டிக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும் வாயில் போட்டதை மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். ஹேண்டல் விரலை வைத்து டப்பாவின் உயரத்தை அளந்தார்.

"ஒம்போது இருக்குமா?"

"இருக்கும்" என்றார் எல்ஃபெட்.

"அப்ப அந்தக் கிழக்கு முடி ரெண்டு உசத்தி."

"யாருக்கும் தெரியவேண்டாம்யா. நான் எழுதமாட்டேன். யார் கேட்டாலும் ஏழுன்னுதான் சொல்லுவேன். நீ முடிச்சாச்சு. நான் சொல்றேன், நீ முடிச்சாச்சு!"

"எனக்காகப் பொய் சொல்லுவியா நீ?"

"சொல்லுவேன்."

"சென்டிமீட்டர்லயா?"

"அதுலயும்தான்."

ஹேண்டல் சேற்றுக்கு அந்தப் பக்கம் தெரிகிற கல்குவியலைப் பார்த்தார். கைத்தடிகளை எடுத்துத் தரச் சொன்னார். சரிவில் ஒரு அடி வைத்தார், இன்னொரு அடி வைத்தார், மூன்றாவதில் இடுப்பு பிடித்துக்கொண்டு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். மெய்ரிக்கும் இன்னும் நாலு பேரும் ஓடினார்கள்.

"தூக்கிக்கிட்டுப் போயிடலாம் அண்ணே, இத்தனை பேர் இருக்கோம், ஒரு பாட்டுப் பாடறதுக்குள்ள போயிடலாம்" என்றார் மெய்ரிக்.

"கையை எடு! என்னைத் தூக்கிக்கிட்டுப் போறதுக்கு நான் இன்னும் பெட்டிக்குள்ள படுக்கல" என்று ஹேண்டல் போட்ட சத்தத்தில் கீழே மேய்ந்த ஆடுகள் சிதறின. பிறகு எல்ஃபெட் பக்கம் திரும்பினார். "ஏண்டா அறிவுகெட்டவனே! அளந்து சொல்லுடான்னு நான் கேட்டேனா? ஊர் பேச்சைக் கேட்டு நேரா அங்க போயிருப்பேன். எல்லாம் முடிஞ்சு இந்நேரம் நிம்மதியா உட்கார்ந்திருப்பேன். இப்ப பாரு! இப்ப எப்படிடா நான் நாற்காலியில உட்காருவேன்? காலையில எந்திரிச்சு அடுப்படி ஜன்னலைத் திறந்தா அந்தக் கல்லுதானே மூஞ்சிக்கு நேரா நிக்கும்!"

எல்ஃபெட் தலையைக் குனிந்துகொண்டார். திட்டு வாங்குவதற்கு இவ்வளவு நியாயமான காரணம் அவருக்கு இதற்கு முன் கிடைத்ததில்லை.

"மன்னிச்சுக்கய்யா. நீ நாற்காலியில உட்கார்ந்துடுவியேன்னு எனக்குப் பயம். அதைச் சொல்லத் தெரியாமத்தான் இங்க வந்து அளந்தேன். நீ இல்லாம எனக்கு யாருய்யா கோல் பிடிப்பாங்க?" என்றார். கடைசியில் ஒருவழியாகச் சொல்லிவிட்டார்.

"பொண்டாட்டி பிடிச்சா டப்பா வைக்கிறா" என்றார் ஹேண்டல்.

"நல்லதுக்குக் காலமில்ல" என்றாள் டெக்வென், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஹேண்டல் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். கல்குவியலை ஒரு தடவை பார்த்தார், தன் இடுப்பை ஒரு தடவை பார்த்தார்.

"மணி என்ன?"

"நாலரை ஆகப்போகுது."

"ஆஸ்பத்திரிக்காரங்க அஞ்சு வரைக்கும் இருப்பாங்கல்ல? போனைப் போடு."

எல்ஃபெட் போனை எடுத்தார், தலைகீழாகப் பிடித்தார், நிமிர்த்தினார். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

"இங்க எடுக்காது அண்ணே. கல்லுகிட்டப் போனாத்தான் எடுக்கும்" என்றார் மெய்ரிக்.

எழுபது வயது மனுஷர் சேற்றுக்கு நடுவிலேயே ஓடினார். சுற்றிப் போக நேரமில்லை. ஒரு பூட்சைச் சேறு வாங்கிக்கொண்டது, அதை அதற்கே விட்டுவிட்டு ஓடினார். கல்குவியலருகே பாறையில் நின்று போனைப் போட்டார். மறுமுனையில் வெகுநேரம் சங்கீதம் வாசித்தார்கள். அப்புறம் ஒரு பெண் குரல் வந்தது. எல்ஃபெட் மூச்சு வாங்கிக்கொண்டே பேரைச் சொன்னார், இடுப்பு மூட்டு, மூன்றாவது தடவை, செவ்வாய்க்கிழமை, சரி என்கிறார், சரி என்கிறார் என்றார்.

"சார், பேஷன்ட் நீங்களா?"

"இல்லம்மா, சிநேகிதர்."

"அவர் வாயாலதான் சொல்லணும் சார். பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு. அந்த மேட்டுல இருக்காரு. கொஞ்சம் இருங்க." எல்ஃபெட் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஹேண்டல்! சம்மதமான்னு கேக்குறாங்க!" என்று கத்தினார்.

சேற்றைத் தாண்டி அந்த அடித்தொண்டை வந்தது. "சம்மதம்! சீக்கிரமாக் கிடைக்கிற தேதியைக் கேளு! கோடைக்கு முன்னால நான் நடந்தாகணும்!"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. "ரெண்டு தடவை வேண்டாம்னு சொன்னவராச்சே சார், இப்ப என்ன இவ்வளவு அவசரம்?"

"ஒரு மலை பாக்கி இருக்கும்மா" என்றார் எல்ஃபெட். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டேயிருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. "கிட்டத்தட்ட ஏறிட்டாரு."

"இன்னும் எவ்வளவு உயரம் இருக்கு?"

எல்ஃபெட் அந்த மேட்டைப் பார்த்தார். ஹேண்டல் புல்லில் உட்கார்ந்தபடி கைத்தடியை ஆட்டி, என்ன சொல்லுகிறாள், என்ன சொல்லுகிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு சென்டிமீட்டர்" என்றார்.